2016 மஸ்டாங் ஜிடி காருக்கு எந்தக் கையடக்க டியூனர் பொருத்தமானது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் வசிக்கும் நீங்கள், ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த 2016 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஆறு வேக மேனுவல் கியர் கொண்ட அந்தக் காரில் முந்தைய உரிமையாளர் ஒரு கோல்டு ஏர் இன்டேக் (என்ஜினுக்குள் காற்றை இழுக்கும் மாற்றுக் குழாயும் ஃபில்டரும்) பொருத்தியிருக்கிறார். 600 டாலருக்குள் எஸ்சிடி எக்ஸ்4, லைவ்வயர் டிஎஸ் பிளஸ், என்கேஜ் ஆகிய கையடக்க டியூனர்களில் எதை வாங்கலாம், விளம்பரங்கள் சொல்வதுபோல 30 முதல் 40 குதிரைத்திறன் கூடுமா என்பவை உங்கள் கேள்விகள். கேள்வி கருவியைப் பற்றியதாகத் தோன்றினாலும், நீங்கள் தந்திருக்கும் விவரங்களைப் படிக்கும்போது அதற்கு முன் விடை காண வேண்டியவை மூன்று இருக்கின்றன: காரின் என்ஜின் கணினியில் இப்போது என்ன எழுதப்பட்டிருக்கிறது, அதில் ஏற்றப்போகும் புதிய கோப்பை யார் தயாரிக்கப்போகிறார், அந்தக் கோப்பு எந்தப் பெட்ரோலுக்கும் எந்த வெயிலுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். என்ஜின் காலிப்ரேஷனில் பயிற்சி பெற்று, பல ஆண்டுகள் டைனோவிலும் (காரின் திறனை அளக்கும் உருளை மேடை) லாக் கோப்புகளோடும் (ஓட்டத்தின்போது பதிவான அளவுகள்) வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்தக் கருவி நிறுவனத்தோடும் எனக்கு வணிகத் தொடர்பு கிடையாது.

கையடக்க டியூனர் செய்யும் வேலையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் (காரின் கணினியோடு பேசும் இணைப்பான்) அதைச் செருகியதும், என்ஜின் கணினியில் உள்ள அட்டவணைகளின் தொகுப்பை, அதாவது காலிப்ரேஷனை, அழித்து அதன் இடத்தில் வேறொன்றை எழுதுகிறது. எவ்வளவு காற்று வந்தால் எவ்வளவு பெட்ரோல், எந்தச் சுமையில் எத்தனை டிகிரி இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தால் திராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும், நான்கு கேம்ஷாஃப்ட்டுகளும் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பவையெல்லாம் அந்த அட்டவணைகளில் இருக்கின்றன. எழுதி முடித்த பிறகு கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாலும் கார் புதிய காலிப்ரேஷனில்தான் ஓடும். ஆகவே குதிரைத்திறன் கருவியிலிருந்து வருவதில்லை. ஒரே கருவியில் ஒரு நல்ல கோப்பையும் ஏற்றலாம், என்ஜினைக் கெடுக்கும் கோப்பையும் ஏற்றலாம். கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் காணொளிகள் திரையின் அளவையும் மெனுவின் அழகையும் நீளமாகப் பேசி, இந்த ஒரு செய்தியை அடிக்கடி விட்டுவிடுகின்றன.

உங்கள் காரில் நான் முதலில் கவலைப்படுவது அந்த ஏர் இன்டேக்கைப் பற்றித்தான். இந்த 5.0 லிட்டர் கயோட்டி என்ஜின், உள்ளே வரும் காற்றின் நிறையை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் மூலம் அளக்கிறது. அந்த சென்சார் குழாயின் குறுக்கே பாயும் காற்றின் ஒரு சிறு பகுதியை மட்டுமே உணர்ந்து, குழாயின் விட்டம் இன்னதுதான் என்ற அனுமானத்தில் மொத்தக் காற்றையும் கணக்கிட உதவுகிறது. சென்சார் இருக்கும் இடத்தில் குழாய் அகலமாகிவிட்டால் அதே காற்று மெதுவாகப் பாய்கிறது. உண்மையில் வந்ததைவிடக் குறைவான காற்றுதான் வந்தது என்று சென்சார் சொல்கிறது. அதற்கேற்பப் பெட்ரோலும் குறைகிறது. ஆக்சிஜன் சென்சார்களின் உதவியோடு கணினி இந்தக் குறையைக் குறிப்பிட்ட எல்லை வரை சரிசெய்துகொள்ளும் என்பதால் பலருக்கு இதில் ஆபத்து தெரிவதில்லை. பெட்ரோல் சரியாகிவிட்டாலும் டைமிங் சரியாவதில்லை. என்ஜின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதையும் கணினி இதே காற்றளவிலிருந்துதான் கணக்கிடுகிறது; சுமை குறைவு என்று தவறாக நம்பும்போது குறைந்த சுமைக்குரிய அட்டவணைக் கட்டத்துக்குப் போய், தாங்கக்கூடியதைவிட அதிகமாக டைமிங்கை முன்னே தள்ளுகிறது. அதன் விளைவு நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது. நாக் சென்சார் அதைக் கேட்டு டைமிங்கைப் பின்னிழுக்கும் என்றாலும், ஒவ்வொரு முறையும் தவறு நடந்த பிறகே அது வேலை செய்கிறது.

டியூன், அதாவது மாற்றி எழுதிய காலிப்ரேஷன், தேவைப்படாத இன்டேக்குகளும் சந்தையில் உண்டு. அவற்றில் சென்சார் பொருந்தும் பகுதியின் விட்டம் ஃபோர்டின் மூலப் பெட்டியில் உள்ளதைப் போலவே வைக்கப்பட்டிருக்கும். உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்பதை அதன் பாக எண்ணைத் தேடி உறுதிசெய்யுங்கள். டியூன் தேவைப்படும் வகையாக இருந்தால் இரண்டே சாத்தியங்கள்: முந்தைய உரிமையாளர் டியூன் செய்யாமலே பொருத்தியிருக்கலாம், அல்லது டியூன் செய்திருக்கலாம். முதலாவது என்றால் இன்றே மூல ஏர் பாக்ஸைத் திரும்பப் பொருத்திவிட்டு மற்றதை யோசியுங்கள். இரண்டாவது என்றால் உங்கள் என்ஜின் கணினியில் யாரோ எழுதிய கோப்பு ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் நீங்கள் வாங்கும் புதிய கருவியைச் செருகினால், அது பணியைத் தொடர மறுக்கலாம், அல்லது அந்த அந்நியக் கோப்பையே தொழிற்சாலைக் கோப்பு என்று எண்ணிச் சேமித்துவிடலாம். பின்னாளில் பழைய நிலைக்குத் திரும்ப நினைக்கும்போது திரும்புவதற்கு உண்மையான மூலக் கோப்பு உங்களிடம் இருக்காது.

இதைக் கண்டறிய வழி உண்டு. ஓபிடி தரநிலையின் ஒன்பதாம் சேவை வழியாக, காலிப்ரேஷன் அடையாள எண்ணையும் அதைச் சரிபார்க்கும் எண்ணையும் சாதாரண ஸ்கேனர்கள் பலவற்றில் படித்துவிடலாம். டியூன் செய்யப்பட்ட கோப்பு பெரும்பாலும் அடையாள எண்ணை மாற்றாமல் விட்டிருக்கும். ஆனால் அட்டவணைகள் மாறியிருந்தால் சரிபார்ப்பு எண் மாறிவிடும். இந்த எண்களை நீங்களே பொருள்கொள்ளத் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, ஃபோர்டு டீலரிடம் சென்று, உங்கள் காரின் வின் எண்ணுக்கு (காரின் தனி அடையாள எண்) உரிய அண்மைத் தொழிற்சாலைக் காலிப்ரேஷனை ஏற்றித் தரும்படி கேட்பதே நேரடி வழி. ஒரு மணி நேர உழைப்புக் கூலிக்கு ஒட்டிய தொகை ஆகலாம். உங்கள் 600 டாலரில் செலவிட வேண்டிய முதல் தொகை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அன்று மூல ஏர் பாக்ஸ் காரில் இருக்க வேண்டும்.

தொழிற்சாலை நிலைக்கு வந்த பின், சில நாள் ஓட்டிவிட்டு, இரு சிலிண்டர் வரிசைகளின் நீண்டகால ஃபியூயல் ட்ரிம்களை, அதாவது பெட்ரோல் அளவில் கணினி செய்துகொண்ட திருத்தங்களை, பாருங்கள். கூடுதலோ குறைவோ 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10 சதவீதத்தைத் தாண்டினால் காற்றுக் கசிவு, அழுக்கான சென்சார், எரிபொருள் அழுத்தம் என்று எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் டியூன் ஏற்றுவது நோயை மூடி மறைப்பதாகும். கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும் பி0171, பி0174 ஆகிய பிழைக் குறியீடுகள் முன்பு வந்து அழிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் விசாரியுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய வேலை. இந்த அளவீடுகளைக் காணாமல் உங்கள் என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்றோ இல்லை என்றோ தொலைவிலிருந்து என்னால் சொல்ல முடியாது. சொல்பவர் யாரையும் நம்பாதீர்கள்.

இனி எவ்வளவு கூடும் என்ற கேள்வி. ஃபோர்டு இந்தக் காருக்குச் சொன்ன திறன் 6,500 ஆர்பிஎம்மில் 435 குதிரைத்திறன். அது கிராங்க்ஷாஃப்ட்டில் கணக்கிட்டது. மேனுவல் கியர் கொண்ட கார்கள் டைனோஜெட் உருளைகளில் ஏறும்போது சக்கரங்களில் ஏறத்தாழ 370 முதல் 385 வரை காட்டுவது வழக்கம். வேறு எந்தப் பாகமும் மாற்றாமல், 93 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் எண்) பெட்ரோலுக்கு எழுதிய நல்ல டியூன் ஒன்று அதன் மேல் 10 முதல் 20 வரை கூட்டினால் நான் அதை நியாயமான பலன் என்பேன். காரணம் எளிது. டர்போ இல்லாத என்ஜினில் காற்றின் அளவை அட்டவணையால் பெரிதாகக் கூட்ட முடியாது. எஞ்சியிருப்பது டைமிங், கேம் கோணங்கள், முழுத் திராட்டிலில் காற்று–எரிபொருள் விகிதம் ஆகியவற்றில் ஃபோர்டு பொறியாளர்கள் விட்டுவைத்த சிறு இடைவெளி. அந்த இடைவெளியிலும் ஒரு பகுதியை, நல்ல பெட்ரோல் ஊற்றும்போது நாக் சென்சாரைக் கொண்டு தொழிற்சாலைக் காலிப்ரேஷனே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் டர்போ பொருத்திய ஈகோபூஸ்ட் மஸ்டாங்கில் டியூன் தரும் மாற்றத்தை உங்கள் ஜிடியில் எதிர்பார்க்கக் கூடாது. அங்கே டர்போ காற்றை உள்ளே தள்ளும் பூஸ்ட் அழுத்தத்தையே கூட்டலாம், இங்கே கூட்டுவதற்குப் பூஸ்ட் இல்லை.

விளம்பரங்களின் 30, 40 என்ற எண்கள் எல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவற்றில் சில, 87 ஆக்டேனில் ஓடிய காரை முன்பும் 93 ஆக்டேனும் புதிய இன்டேக்கும் சேர்ந்த காரைப் பின்பும் ஒப்பிட்டவை. சில, ஒரே ஒரு ஆர்பிஎம் புள்ளியில் கண்ட மிகப்பெரிய வித்தியாசத்தைத் தலைப்பில் போட்டவை. டைனோ வரைபடத்தின் மூலையில், வானிலைக்கேற்ப எண்ணைத் திருத்திய முறையாக எஸ்ஏஇ என்று எழுதியிருக்கிறதா, எஸ்டிடி என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். குளிர்ந்த காற்றை அடிப்படையாகக் கொண்ட எஸ்டிடி திருத்தம் அதே காரை ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 375 குதிரைத்திறனில் 4 சதவீதம் என்பதே 15 ஆகிவிடுகிறது, எண்ணிப் பாருங்கள். ஒரே டைனோவில், ஒரே நாளில், ஒரே திருத்த முறையில், டியூனுக்கு முன்னும் பின்னும் எடுத்த வரைபடங்களுக்கு மட்டுமே மதிப்புக் கொடுங்கள்.

ஓட்டும்போது உணரும் மாற்றம் வேறு விஷயம், அது உண்மையாகவே இருக்கும். பெடலை எவ்வளவு மிதித்தால் எவ்வளவு டார்க் கேட்க வேண்டும் என்ற அட்டவணையை மாற்றினாலே கார் துள்ளுவதுபோல் தோன்றும். அது பலருக்குப் பிடிக்கிறது. அதற்காக டியூன் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது புதிய திறன் அல்ல, ஏற்கெனவே இருந்த திறன் பெடலின் முற்பகுதியிலேயே கிடைப்பது. மைலேஜ் கூடும் என்ற வாக்குறுதியைப் பற்றி எனக்குப் பெரும் சந்தேகம் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது இந்த என்ஜின் சரியான கலவை விகிதத்திலும் உகந்த டைமிங்குக்கு மிக அருகிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே எடுப்பதற்கு மிச்சம் எதுவும் பெரிதாக இல்லை.

கோப்பை எழுதுபவர் யார் என்பதுதான் என் பார்வையில் முதன்மையான தேர்வு. கருவியோடு ஏற்றப்பட்டே வரும் பொதுக் கோப்புகள், பாகங்கள் மாற்றப்படாத கார்களை மனதில் வைத்து, எவருடைய காரிலும் கெடுதல் வராத அளவுக்கு அடக்கமாக எழுதப்பட்டவை. மூல ஏர் பாக்ஸோடு ஓட்டுபவருக்கு அவை போதும். உங்களைப்போல் இன்டேக் மாற்றியவருக்கு, அந்த இன்டேக்கின் காற்றளவு அட்டவணையைச் சேர்த்து எழுதி, காரிலிருந்து லாக் பெற்றுத் திருத்தித் தரும் தனிக் கோப்பு வேண்டும். இதை மின்னஞ்சல் வழியாகவே செய்து தருபவர்கள் அமெரிக்காவில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது கேளுங்கள்: எத்தனை திருத்தங்கள் கட்டணத்தில் அடக்கம், லாக் அனுப்பினால் எத்தனை நாளில் பதில் வரும், பின்னாளில் எக்ஸாஸ்ட் மாற்றினால் மறுபடி முழுக்கட்டணமா, தொழிற்சாலை எண்ணிலிருந்து ஆர்பிஎம் உச்சவரம்பை ஏற்றுவாரா, ஏற்றினால் ஏன். இந்தக் கடைசிக் கேள்வியின் பதிலில் அவருடைய தரம் தெரிந்துவிடும். கயோட்டி என்ஜினின் ஆயில் பம்ப் கியர்கள் உலோகத் தூளை அழுத்திச் செய்தவை. உயர் ஆர்பிஎம்மில் லிமிட்டரில் மோதிக்கொண்டே இருப்பதை அவை விரும்புவதில்லை. திறன் வளைவு கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் வரம்பை ஏற்றித் தருவதற்குச் சாலைக் காரில் நல்ல காரணம் எதுவும் இல்லை.

ஃபோர்டின் கட்டுப்பாட்டு அமைப்பு டார்க்கை மையமாகக் கொண்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கணினி, ஓட்டுநர் கேட்ட டார்க்கையும் என்ஜின் தருவதாகத் தான் கணக்கிடும் டார்க்கையும் இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் திராட்டிலை மூடி, டாஷ்போர்டில் ஸ்பேனர் விளக்கை எரியவிடும். ஓர் அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டு அதோடு தொடர்புள்ள மற்றவற்றைத் தொடாமல் விடும் அரைகுறை டியூன்களில் இந்த விளக்கு அடிக்கடி வரும். விளக்கு வராமலிருக்கக் கண்காணிப்பின் எல்லைகளைத் தளர்த்திவிடுவது குறுக்குவழி. திராட்டில் தானாகத் திறந்துகொண்டால் காப்பாற்றும் ஏற்பாடே அதுதான் என்பதால், அப்படிச் செய்பவரிடம் உங்கள் காரைக் கொடுக்க வேண்டாம்.

பெட்ரோலுக்கு வருவோம். அமெரிக்க பம்பில் எழுதியிருக்கும் எண், ஆராய்ச்சி ஆக்டேனுக்கும் மோட்டார் ஆக்டேனுக்கும் இடைப்பட்ட சராசரி. இந்தியாவில் எழுதியிருப்பது ஆராய்ச்சி ஆக்டேன் மட்டும். ஊரிலுள்ள நண்பர்களோடு பேசும்போது இந்த வேறுபாடு குழப்பத்தை உண்டாக்கும்: ஹூஸ்டனின் 93 என்பது இந்திய முறையில் ஏறத்தாழ 98. ஹூஸ்டனில் 93 தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் நீங்கள் நியூ மெக்சிகோ, கொலராடோ, கலிஃபோர்னியா பக்கம் நெடும் பயணம் போனால் பிரீமியம் என்பதே 91தான். 93க்கு எழுதிய கோப்பில் 91 ஊற்றி, ஏ.சி. போட்டு, மலை ஏறுவது நாக்கிங்குக்கு அழைப்பு விடுப்பதாகும். ஆகவே ஒரே கருவியில் பல கோப்புகளை வைத்திருக்கும் வசதி ஒரு ஆடம்பரமல்ல. எக்ஸ்4 பத்துத் தனிக் கோப்புகள் வரை வைத்துக்கொள்ளும். டியூன் எழுதுபவரிடம் 93க்கு ஒன்றும் 91க்கு ஒன்றும் கேட்டு வாங்குங்கள், பயணம் கிளம்புமுன் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டனின் கோடையையும் கணக்கில் எடுங்கள். நெரிசலில் நின்று ஊர்ந்தபின் இன்டேக் காற்றின் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே அரிதல்ல. ஹூடுக்குள் திறந்து நிற்கும் கூம்பு ஃபில்டர்கள் அந்த வெப்பக் காற்றையே உறிஞ்சுகின்றன. வெப்பம் ஏற ஏற டைமிங்கை எவ்வளவு பின்னிழுக்க வேண்டும் என்பதற்குத் தொழிற்சாலைக் காலிப்ரேஷனில் ஓர் அட்டவணை உண்டு. டைனோவில் கூடுதல் எண் காட்டுவதற்காக அதைக் குறைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஜனவரி மாதக் குளிரில் எடுத்த லாக்கை வைத்து முடித்த டியூனை முடிந்த வேலை என்று எண்ணாமல், ஆகஸ்ட் பிற்பகலில் மறுபடி ஒரு லாக் எடுத்து அனுப்புங்கள். அந்த லாக்கில் ஆர்பிஎம், பெடல், திராட்டில், சுமை, கேட்ட லாம்டா (காற்று–எரிபொருள் கலவையின் அளவு), இரு வரிசைகளிலும் அளந்த லாம்டா, டைமிங், நாக் சென்சார் செய்த திருத்தம், இன்டேக் வெப்பம், சிலிண்டர் ஹெட் வெப்பம் ஆகியவை இருந்தால் போதும். எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொன்றும் பதிவாகும் வேகம் குறைந்துவிடும். இந்தக் காரில் முன்பக்க ஆக்சிஜன் சென்சார்கள் கலவையை விரிந்த எல்லையில் அளக்கும் வைட்பேண்ட் வகை என்பதால் தனியாக ஒன்றை வெல்டிங் செய்து பொருத்தாமலே பயனுள்ள லாம்டா அளவு கிடைக்கிறது; பழைய மஸ்டாங்குகளில் இந்த வசதி இல்லை. முழுத் திராட்டில் ஓட்டத்தை டைனோவிலோ மூடிய தடத்திலோ மட்டும் செய்யுங்கள். பொதுச் சாலையில் மூன்றாம் கியரில் 7,000 ஆர்பிஎம் வரை இழுத்தால் வேகம் மணிக்கு 100 மைலை நெருங்கிவிடும்.

எத்தனால் மிகுதியாகக் கலந்த ஈ85 எரிபொருள் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதன் ஆக்டேன் உயர்ந்தது, பலன் உண்மையானது. ஆனால் அதே காற்றுக்கு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். பம்பில் ஈ85 என்று எழுதியிருப்பதில் எத்தனாலின் அளவு 51 முதல் 83 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். அதை அளக்கும் சென்சார் உங்கள் காரில் இல்லை. மூல இன்ஜெக்டர்கள் உயர் ஆர்பிஎம்மில் அந்த அளவைத் தருமா என்பதை லாக் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் ஆண்டு இதைத் தள்ளிவையுங்கள்.

இப்போது கருவிகள். எஸ்சிடி எக்ஸ்4 உங்கள் 600 டாலருக்குள் அடங்கும். மஸ்டாங் உலகில் அதற்குக் கோப்பு எழுதித் தருபவர்கள் மிகுதி. ஒருவரோடு ஒத்துவராவிட்டால் இன்னொருவரிடம் போகலாம். இந்தச் சுதந்திரம்தான் அதன் பெரிய பலம். லைவ்வயர் டிஎஸ் பிளஸ் அதே நிறுவனத்தின் தொடுதிரைக் கருவி. கண்ணாடியில் ஒட்டி வைத்து அளவுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்ட விரும்பினால் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம், டியூனின் தரத்தில் எந்த மாற்றமும் வராது. என்கேஜ் ஹெச்பி டியூனர்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மஸ்டாங்கில் புகழ்பெற்ற லண்ட் ரேசிங் போன்றவர்கள் அதன் வழியாகக் கோப்பு தருகிறார்கள். லாக் எடுப்பதற்கு அது கைக்கு அடக்கமானது. ஆனால் யாரிடம் வாங்குகிறீர்களோ அவரோடு பிணைந்துவிடுகிறதா என்பதை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களே அட்டவணைகளைத் திறந்து கற்றுக்கொள்ள விரும்பினால் கையடக்கக் கருவியை விட்டுவிட்டு, ஹெச்பி டியூனர்ஸின் எம்பிவிஐ3 இடைமுகத்தையும் மடிக்கணினியையும் நாடுங்கள். அதில் காருக்கான உரிமம் தனிச் செலவு, கற்கும் காலமும் நீளம்.

ஃபோர்டே விற்ற நான்காவது வழி ஒன்று உண்டு, அதை நீங்கள் பட்டியலில் சேர்க்கவில்லை. ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் 2015–2017 ஜிடிக்கென்று பவர் பேக் என்ற பெயரில் பாகங்களையும் அவற்றுக்கென்றே எழுதிய காலிப்ரேஷனையும் சேர்த்துத் தந்தது. ப்ரோகால் என்ற அதன் சொந்தக் கருவியால் ஏற்ற வேண்டும். மூன்றாவது பேக்கில் ஷெல்பி ஜிடி350யின் இன்டேக் மேனிஃபோல்டும் 87 மில்லிமீட்டர் திராட்டில் பாடியும் அடங்கும். எழுதியவர்கள் என்ஜினை உருவாக்கியவர்களுக்கு அடுத்த அறையில் இருப்பவர்கள் என்பதால் அந்த ஓட்டத்தின் மென்மையை நான் மிகவும் மதிக்கிறேன். குறை, பேக்கில் சொன்ன பாகங்களைத் தவிர வேறெதையும் அது ஏற்காது. உங்கள் இன்டேக்கைக் கழற்றிவிட வேண்டும்.

உங்களுக்கு என் பரிந்துரை எக்ஸ்4. ஆனால் கடையில் பெட்டியாக வாங்காமல், நீங்கள் தேர்ந்தெடுத்த டியூன் எழுதுபவர் வழியாகவே, அவருடைய தனிக் கோப்போடு சேர்த்து வாங்குங்கள். டீலர் கட்டணத்தோடு சேர்த்தால் 600ஐச் சற்றுத் தாண்டலாம். பணத்தை மிச்சப்படுத்தப் பழைய கருவி வாங்க நினைத்தால் கவனம்: இவை ஒரு காரில் ஏற்றியதும் அந்தக் காரின் வின் எண்ணோடு பூட்டிக்கொள்ளும். முந்தையவர் தன் காரை மூல நிலைக்குத் திருப்பிக் கருவியை விடுவிக்காமல் விற்றிருந்தால் உங்கள் கையில் வருவது வெறும் பிளாஸ்டிக். விற்பவரிடம் விடுவிக்கப்பட்ட நிலையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஒருவேளை சூப்பர்சார்ஜர் எண்ணம் இருந்தால், அதற்கான கோப்பை எழுதப்போகிறவர் எந்தக் கருவியில் வேலை செய்கிறார் என்று கேட்டு அந்தக் கருவியையே இப்போது வாங்குங்கள்.

சட்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டை முடக்கும் எந்த மாற்றத்தையும் டெக்சஸ் உட்பட எல்லா மாநிலங்களிலும் தடைசெய்கிறது. 2018இல் எஸ்சிடி, புல்லி டாக் கருவிகளை விற்றுவந்த டெரைவ் சிஸ்டம்ஸ் நிறுவனம், இத்தகைய சுமார் 3,63,000 பொருட்கள் தொடர்பாக அமெரிக்க அரசோடு உடன்பாட்டுக்கு வந்து 3 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. 2022இல் சுபாரு ஓட்டுநர்கள் நன்கறிந்த காப் நிறுவனமும் தன் ஆக்சஸ்போர்ட் கருவியிலிருந்து மாசுக் கட்டுப்பாடு சார்ந்த மாற்றங்களை நீக்கியது. இன்றைக்கு நேர்மையான விற்பனையாளர் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரை அணைத்துத் தர மாட்டார். உங்கள் ஆண்டுக்கும் மாடலுக்கும் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் விலக்கு எண் பெற்ற டியூன் இருந்தால் அதையே முதலில் கேளுங்கள். டெக்சஸ் அதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், மாசு கூடவில்லை என்று சோதித்து நிறுவப்பட்டதற்கு அது சான்று. 2016 காருக்கு ஃபோர்டின் 5 ஆண்டு, 60,000 மைல் பவர்டிரெயின் வாரண்டி முடிந்துவிட்டதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. தனியாக நீட்டிப்பு ஒப்பந்தம் வாங்கியிருந்தால் அதன் விதிகளைப் படியுங்கள்.

ஏற்றும் நாளில் பேட்டரியோடு மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் சார்ஜரை இணையுங்கள். ரேடியோ, விளக்கு, ஃபேன் அனைத்தையும் அணையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறப்பதோ கேபிளை அசைப்பதோ வேண்டாம். பாதியில் நின்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஆனால் அந்த அனுபவம் உங்களுக்குத் தேவையில்லை. டீலரிடம் வேறு பணிக்குக் காரை விடும்போது முன்னதாக மூலக் கோப்புக்குத் திரும்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு, கருவியில் சேமித்திருக்கும் பழைய பதிப்போடு முரண்பாடு வரும். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் 2025 முதல் பாதுகாப்புச் சோதனை நீங்கிவிட்டாலும் புகைச் சோதனை தொடர்கிறது. ஒவ்வொரு முறை கோப்பு ஏற்றும்போதும் கணினியின் சுயபரிசோதனை முடிவுகள் அழிந்துவிடும். 2001 முதலான கார்களில் ஒரு பரிசோதனை மட்டும் முடியாமல் இருந்தால் ஏற்பார்கள், இரண்டு இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே பதிவு புதுப்பிக்கும் தேதிக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே கோப்பை மாற்றாமல், டேங்கில் 15 முதல் 85 சதவீதத்துக்குள் பெட்ரோல் வைத்து, நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டிவிட்டு, பரிசோதனைகள் முடிந்ததைக் கருவியிலேயே பார்த்து உறுதிசெய்த பிறகு சோதனை நிலையத்துக்குப் போங்கள்.